பிக்கப் வண்டியில் ‘கீச் கீச்’ சத்தம்: சக்கரச் சுற்றை எண்ணிக் கண்டுபிடிக்கும் முறை

ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டில் காய் லோடு இறக்கிவிட்டுக் காலி வண்டியாகத் திரும்பும்போதுதான் அந்தச் சத்தம் ஆரம்பித்தது. கேபினுக்குப் பின்னால் எங்கேயோ சிட்டுக்குருவி ஒன்று மாட்டிக்கொண்ட மாதிரி ‘கீச், கீச், கீச்’. வேகம் 30-ஐத் தாண்டினால் காற்றிரைச்சலில் அமுங்கிவிடும். வேகத்தடைக்காக மெதுவாக்கினால் மறுபடி வந்துவிடும். லோடு ஏற்றினால் சத்தமே இருக்காது.

இதற்காகப் பின்சக்கர பேரிங் இரண்டையும் மாற்றினேன். பிறகு பட்டை (லீஃப் ஸ்பிரிங்) புஷ் முழுவதையும் மாற்றினேன். இரண்டுமே தேவையில்லாத செலவு. கடைசியில் கோளாறு இருந்தது புரொப்பெல்லர் ஷாஃப்டின் (கியர்பாக்ஸிலிருந்து பின்சக்கரங்களுக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் நீளமான தண்டு) நடு யூ.ஜே. கிராஸில், அதாவது ஷாஃப்ட் சாய்ந்த நிலையிலும் சுற்ற உதவும் கூட்டல் குறி வடிவ இணைப்பில். உள்ளே கிரீஸ் சுத்தமாக வற்றிப்போயிருந்தது. கிராஸின் விலை சில நூறு ரூபாய்தான். அதைக் கண்டுபிடிக்க எனக்கு இரண்டு மாதம் ஆனது. உங்களுக்கு ஒரு காலைப்பொழுது போதும் என்பதால் எழுதுகிறேன்.

பின்சக்கரங்களுக்கு இழுவை, பின்னால் பட்டை, இரண்டு துண்டாக வரும் ஷாஃப்ட், நடுவில் அதைத் தாங்கும் சென்டர் பேரிங் என்று இருக்கும் வண்டிகளுக்கு இது அப்படியே பொருந்தும். ஜாக்கி போட, வீல் கழற்ற, கிரீஸ் கன் பிடிக்கத் தெரியும் என்று எடுத்துக்கொள்கிறேன்.

1. முதலில் வண்டியைக் காலி செய்யுங்கள்

சீட்டுக்கு அடியில் கிடக்கும் ஜாக்கி, ராடு, தார்ப்பாய்க் கயிறு, டெயில் கேட் சங்கிலி எல்லாவற்றையும் இறக்கி வையுங்கள். அடியில் தொங்கும் ஸ்டெப்னியைக் கையால் ஆட்டிப் பாருங்கள். பாதிச் சத்தங்கள் இதிலேயே தீர்ந்துவிடும். தீராவிட்டால் அடுத்ததுக்குப் போகலாம்.

2. எது இல்லை என்று தள்ளுங்கள்

வண்டியை நிறுத்தி என்ஜினை மட்டும் ஓடவிடுங்கள். நின்றபடியே சத்தம் வந்தால் அது பெல்ட், ஆல்டர்னேட்டர் பக்கம். இந்தப் பதிவு உங்களுக்கு இல்லை. ஓடும்போது பிரேக்கை லேசாகத் தொடுங்கள். தொட்டதும் சத்தம் மாறினால் பிரேக்கைப் பிரித்துப் பாருங்கள். ஒரு குடம் தண்ணீரைப் பட்டைகளின் இடுக்கிலும் புஷ்ஷிலும் நன்றாக ஊற்றிவிட்டு ஓட்டுங்கள். சத்தம் போய், காய்ந்ததும் திரும்பி வந்தால் அது பட்டைச் சத்தம். நான் இந்தத் தண்ணீர்ச் சோதனையைச் செய்திருந்தால் புஷ் வாங்கியிருக்கவே மாட்டேன்.

சக்கர பேரிங் பொதுவாகக் கீச்சிடாது. ‘ஊம்’ என்று இரையும், வேகம் ஏற ஏற ஓங்கும், வண்டியை இடம் வலமாக வளைக்கும்போது கூடும் அல்லது குறையும். கிரவுன் (ஷாஃப்டின் சுற்றைப் பின்சக்கரங்களுக்குத் திருப்பும் பெரிய பல்சக்கரம்) சத்தம் ஆக்சிலரேட்டரை மிதிக்கும்போது ஒரு விதமாகவும் விடும்போது வேறு விதமாகவும் கேட்கும்.

இங்கேதான் நான் தவறினேன். சமதளமான காலி ரோட்டில் கியரை நியூட்ரலில் போட்டு உருளவிட்டேன். சத்தம் அப்படியே இருந்தது. ‘நியூட்ரலிலும் சத்தம் வருது, அப்போ என்ஜினும் இல்லை, ஷாஃப்டும் இல்லை, சக்கரம்தான்’ என்று முடிவு கட்டினேன். அந்த முடிவில் பாதிதான் சரி. நியூட்ரலில் போட்டால் என்ஜினுக்கும் கியர்பாக்ஸின் வெளிப்பக்கத்துக்கும் உள்ள தொடர்புதான் அறுகிறது. ஷாஃப்ட் சுற்றிக்கொண்டேதான் இருக்கும், ஏனென்றால் இப்போது அதைச் சுற்றுவது சக்கரம். வண்டி நகர்கிற வரை ஷாஃப்டும் சுற்றும். நியூட்ரல் சோதனை என்ஜினையும் கிளட்சையும் மட்டுமே தள்ளும். இதைச் சரியாகப் புரிந்துகொள்ளாமல்தான் இரண்டு பேரிங்குக்குக் காசு கொடுத்தேன்.

3. எண்ணுங்கள்

கேபினுக்குள் உட்கார்ந்து சத்தத்தின் இடத்தைக் காதால் சொல்லவே முடியாது. சேசிஸ் முழுக்க இரும்பு. ஒரு முனையில் கீச்சிட்டால் மறுமுனையில் கேட்கும். ஆனால் சத்தம் எத்தனை முறை வருகிறது என்பதை அந்த இரும்பால் மாற்ற முடியாது.

கணக்கு இதுதான். சக்கரம் ஒரு சுற்று சுற்றும்போது ஷாஃப்ட் நாலு அல்லது ஐந்து சுற்று சுற்றும். சரியாக எத்தனை என்பது கிரவுன் பல்லையும், அதைச் சுற்றும் சின்னப் பல்சக்கரமான பினியனின் பல்லையும் பொறுத்தது. அதனால் சக்கரம் ஒரு முறை சுற்ற ஒரு கீச் வந்தால் கோளாறு சக்கரத்தோடு சுற்றும் ஏதோ ஒன்றில். நாலைந்து வந்தால் ஷாஃப்டில். சில கிராஸ் ஒரு சுற்றுக்கு இரண்டு முறை கத்தும்; அப்போது எட்டு, ஒன்பது, பத்து என்று வரும். எப்படி இருந்தாலும் ஒன்றோடு குழம்பாது.

எங்கள் ஊரில் கொப்பரை காயப்போடும் சிமென்ட் களம் ஒன்று இருக்கிறது. விடிகாலையில் ஆள் நடமாட்டம் இல்லாதபோது வண்டியை அங்கே கொண்டுபோனேன். டயரின் பக்கவாட்டில் சாக்பீஸால் ஒரு கோடு போட்டேன். என்ஜினை அணைத்து, கியரை நியூட்ரலில் போட்டு, மூன்று பேர் பின்னாலிருந்து தள்ள, மச்சான் ஸ்டீயரிங்கில் உட்கார்ந்தார். நான் பின்சக்கரத்துக்கு ஒரு கை தள்ளி, கையில் போனோடு கூடவே நடந்தேன். கோடு தரையைத் தொடும்போதெல்லாம் ‘ஒண்ணு, ரெண்டு’ என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே சத்தத்தைப் பதிவு செய்தேன். 10 சுற்று என்பது எங்கள் டயர் அளவுக்குக் கிட்டத்தட்ட 22 மீட்டர். பிறகு திண்ணையில் உட்கார்ந்து, பதிவை அரை வேகத்தில் ஓடவிட்டு எண்ணினோம். முதல் தடவை 43 கீச். மறுபடி தள்ளி எண்ணினால் 42. வண்டிக் கையேட்டைப் புரட்டினேன். கிரவுன் 43 பல், பினியன் 10 பல் என்று போட்டிருந்தது. அதாவது சக்கரம் 10 சுற்று சுற்றினால் ஷாஃப்ட் 43 சுற்று. கோளாறு ஷாஃப்டில்தான். இரண்டு மாதம் காதால் தேடியும் கிடைக்காத பதில் 22 மீட்டரில் கிடைத்துவிட்டது.

தள்ளும்போது மூன்று விஷயம் கவனம். சாவி ஆன் நிலையில் இருக்கட்டும், இல்லையென்றால் ஸ்டீயரிங் பூட்டிக்கொள்ளும். என்ஜின் ஓடாதபோது பிரேக் பெடல் கல் மாதிரி இறுகும். பலமாக மிதிக்கக்கூடிய ஆள்தான் உள்ளே உட்கார வேண்டும். சரிவான இடத்தில் இதைச் செய்யவே கூடாது.

பின்சேர்க்கை: இதைப் படித்த ஒருவர், ‘ஒரு பின்சக்கரத்தை மட்டும் ஜாக்கியில் தூக்கிச் சுற்றிப் பார்த்தேன், ஷாஃப்ட் இரண்டு சுற்றுதான் வருகிறது, உங்கள் கணக்குத் தப்பு’ என்று எழுதியிருந்தார். அவர் எண்ணியதும் சரி, என் கணக்கும் சரி. ஒரு சக்கரம் தரையில் நிற்க மற்றதை மட்டும் சுற்றினால், டிஃபரன்ஷியல் (இரண்டு பின்சக்கரமும் வெவ்வேறு வேகத்தில் சுற்ற விடும் பல்சக்கர அமைப்பு) அதைப் பாதியாக்கிவிடும். 4.3 சுற்று வர வேண்டிய இடத்தில் 2.15 வரும். இரண்டு சக்கரமும் சேர்ந்து சுற்றினால்தான் முழுக் கணக்கு. அதனால்தான் வண்டியைத் தள்ளச் சொல்கிறேன்.

4. அடியில் போய்ப் பாருங்கள்

எந்தக் கிராஸ் என்று கண்டுபிடிப்பது சுலபம். இரண்டு துண்டு ஷாஃப்டில் பொதுவாக மூன்று கிராஸ் இருக்கும்: கியர்பாக்ஸ் பக்கம் ஒன்று, சென்டர் பேரிங்குக்குப் பின்னால் ஒன்று, கிரவுன் பக்கம் ஒன்று. டார்ச் அடித்து, கிராஸின் நான்கு முனையிலும் தொப்பி மாதிரி மாட்டியிருக்கும் ஒவ்வொரு கப்பின் விளிம்பையும் பாருங்கள். நல்ல கிராஸில் அழுக்குப் பிடித்த கிரீஸ் கறுப்பாக ஒட்டியிருக்கும். வற்றிய கிராஸில் செங்கல் பொடி மாதிரி சிவந்த துருத்தூள் வழிந்திருக்கும். என் வண்டியில் நடு கிராஸின் ஒரே ஒரு கப்பில் மட்டும் அந்தத் தூள் இருந்தது. விரலால் தொட்டபோது மாவு போல ஒட்டியது.

பிறகு கிராஸின் இருபக்கத்தையும் இரு கையால் பிடித்து எதிரெதிராகத் திருகிப் பாருங்கள். கொஞ்சம்கூட ஆட்டம் இருக்கக்கூடாது. வண்டி புறப்படும்போதோ ரிவர்ஸ் போடும்போதோ ‘டக்’ என்று ஓர் அடி கேட்டால் அதுவும் இந்த ஆட்டம்தான்.

லோடு ஏற்றினால் சத்தம் போவதற்கும் காரணம் இங்கே இருக்கிறது. காலி வண்டியில் பட்டை நிமிர்ந்து நிற்கும். ஷாஃப்ட் கூடுதல் கோணத்தில் வளைந்திருக்கும். லோடு ஏறினால் கோணம் குறையும். கப்புக்குள் இருக்கும் ஊசி ரோலர்கள் குறைவாக அசையும்.

இந்த இடத்தில் ஸ்ப்ரே டப்பாவை எடுத்து அடிக்கத் தோன்றும். அடிக்காதீர்கள். துரு இளக்கும் ஸ்ப்ரே மெல்லிய எண்ணெய். மிச்சம் இருக்கும் கிரீஸையும் கழுவிவிடும். இரண்டு நாள் சத்தம் இருக்காது, அந்த நிம்மதியில் வண்டியை ஓட்டுவோம், கிராஸ் உள்ளுக்குள் தேய்ந்துகொண்டே போகும். ஓடும்போது ஷாஃப்ட் கழன்று விழுந்தால் என்ன ஆகும் என்று லாரிக்காரர்களைக் கேட்டுப் பாருங்கள்.

5. ஷாஃப்டைக் கழற்றுவது

நான்கு சக்கரத்துக்கும் முன்னும் பின்னும் மரக்கட்டை கொடுங்கள். செங்கல் வேண்டாம், நொறுங்கும். ‘கியரில்தானே நிற்கிறது’ என்று நினைக்காதீர்கள். ஷாஃப்டைக் கழற்றிய நிமிடமே கியருக்கும் சக்கரத்துக்கும் தொடர்பே கிடையாது. வண்டியைத் தூக்கினால் ஜாக்கி ஸ்டாண்டில் உட்கார வையுங்கள். வெறும் ஜாக்கியை நம்பி அடியில் போகக்கூடாது.

கழற்றுவதற்கு முன் ஃபிளேஞ்சின் (நட்டு போட்டு இணைக்கும் வட்டத் தட்டு) இருபக்கமும், ஸ்லிப் ஜாயின்ட்டின் (ஷாஃப்ட் நீளவும் குறுகவும் விடும் பல் வைத்த இணைப்பு) இருபக்கமும் நேருக்கு நேர் குறி போட வேண்டும். சென்டர் பஞ்ச் வைத்து ஒரு புள்ளி அடிப்பதுதான் என் முறை. முதல் தடவை சாக்பீஸில் போட்டேன், டீசலில் கழுவியதும் போய்விட்டது. உத்தேசமாக மாட்டினேன். சத்தம் போனது, ஆனால் 50 வேகத்தில் சீட் அதிர ஆரம்பித்தது. டிப்ளமோ படித்தவர்கள் இதை ஹூக்ஸ் ஜாயின்ட் என்று படித்திருப்பார்கள். சாய்ந்து சுற்றும்போது ஒரு கிராஸ் சீரான வேகத்தைக் கடத்தாது, ஒவ்வொரு சுற்றிலும் இரண்டு முறை முந்தும், பிந்தும். அதை ஈடுகட்ட மறுமுனைக் கிராஸ் அதே வரிசையில் நிற்க வேண்டும். ஸ்லிப் ஜாயின்ட்டில் ஒரு பல் தள்ளி மாட்டினால் அந்த ஈடு கெட்டுவிடும்.

ஃபிளேஞ்ச் நட்டுக்கு ரிங் ஸ்பேனரைப் பயன்படுத்துங்கள். திருகி அளவு மாற்றும் ஸ்பேனரை இந்த வேலைக்குத் தொடவே கூடாது. முனை மழுங்கிவிட்டால் பிறகு உளிதான். லாக் நட்டைத் திரும்பப் போடாமல் புதிது வாங்குங்கள்.

6. கிராஸ் மாற்றுவது

கப்பைப் பிடித்திருக்கும் சர்க்கிளிப்பை எடுக்க அதற்கென்றே உள்ள பிளையரை வாங்கிவிடுங்கள். ஸ்க்ரூடிரைவரால் நெம்பினால் கிளிப் எகிறிக் கண்ணில் படும். பிறகு ஷாஃப்டை வைஸில் வைத்து, ஒரு பக்கம் கப்பைவிடச் சின்ன சாக்கெட், மறுபக்கம் கப் உள்ளே போகும் அளவுக்குப் பெரிய சாக்கெட் கொடுத்து இறுக்கினால், பழைய கப் பெரிய சாக்கெட்டுக்குள் வந்து விழும். சுத்தியலால் அடித்தும் எடுக்கலாம், ஆனால் யோக்கின் (கிராஸைப் பிடித்திருக்கும் கவை) காது வளைந்துபோகும் ஆபத்து உண்டு. வைஸ் இல்லாதவர்கள் ஷாஃப்டைக் கழற்றி லேத் பட்டறைக்குக் கொடுத்துவிடுவது நல்லது.

புதிய கிராஸ் போடும்போது அவசரமே கூடாது. கப்புக்குள் ஊசி மாதிரி மெல்லிய ரோலர்கள் சுவரை ஒட்டி வரிசையாக நிற்கும். அவற்றைத் தாங்கி நிற்பது கிரீஸ் மட்டும்தான். ஒன்று சாய்ந்து கப்பின் அடியில் விழுந்தால் கப் முழுதாக உள்ளே இறங்காது. வெளியிலிருந்து பார்த்தால் ‘இன்னும் கொஞ்சம் அடிக்கணும்’ என்று மட்டும்தான் தெரியும். எனக்கு 2 மில்லிமீட்டர் வெளியே நின்றது. நானும் அடித்தேன். கப் விரிசல் விட்டது, மறுபடி புது செட் வாங்க வேண்டியதாயிற்று.

சரியான முறை இது. ரோலர்கள்மேல் விரலால் கிரீஸை நன்றாகப் பூசுங்கள். ஒரு கப்பைப் பாதி மட்டும் உள்ளே தள்ளுங்கள். கிராஸின் தண்டை அந்தக் கப்புக்குள் நுழைத்துப் பிடியுங்கள். எதிர்க் கப்பை வைத்து, தண்டின் இரு முனையும் இரண்டு கப்புக்குள்ளும் இருக்கும்படி பார்த்துக்கொண்டே வைஸை இறுக்குங்கள். தண்டு உள்ளே நிற்கும்வரை ரோலர் சாயாது. சர்க்கிளிப் பள்ளத்தில் ‘டிக்’ என்று உட்கார வேண்டும். உட்காரவில்லையா, நிறுத்துங்கள், கப்பை வெளியே எடுங்கள், விழுந்த ஊசியைத் தேடுங்கள்.

எல்லாம் உட்கார்ந்த பிறகு யோக்கின் காதுகளை மரச் சுத்தியலால் லேசாகத் தட்டுங்கள். இறுக்கம் விட்டு, விரலால் தள்ளினால் கிராஸ் சீராக அசையும். கிரீஸ் நிப்பிள், கன்னின் மூக்கு நுழையக்கூடிய பக்கம் பார்த்து இருக்கிறதா என்பதை மாட்டும் முன்பே பார்த்துக்கொள்ளுங்கள்.

7. கிரீஸ்

மாட்டி முடித்ததும் லித்தியம் கிரீஸை, நான்கு கப்பின் சீலிலும் பிதுங்கும்வரை அடியுங்கள். மூன்றில் வந்து ஒன்றில் வராவிட்டால், அந்த ஒன்றுதான் அடுத்து கீச்சிடப் போகிறது. வண்டியைக் கொஞ்சம் நகர்த்திக் கிராஸின் கோணத்தை மாற்றி மறுபடி அடித்தால் பெரும்பாலும் வந்துவிடும். என் பழைய கிராஸ் செத்ததும் இப்படித்தான். சர்வீஸின்போதெல்லாம் கிரீஸ் அடித்தார்கள், ஆனால் நாலாவது கப்புக்குப் போகவே இல்லை. இப்போது நானே அடியில் படுத்து நான்கையும் பார்க்கிறேன். மழைக்காலத்தில் ஓடைத் தண்ணீரில் இறங்கி ஏறினால் அந்த வாரமே ஒரு முறை.

பின்சேர்க்கை: ‘என் வண்டிக் கிராஸில் நிப்பிளே இல்லை’ என்று இரண்டு பேர் கேட்டிருக்கிறார்கள். அது சீல் செய்த வகை. அதில் கிரீஸ் அடிக்க முடியாது, சத்தம் வந்தால் மாற்றுவதுதான் வழி. மாற்றும்போது அதே அளவில் நிப்பிள் உள்ள கிராஸ் கிடைக்கிறதா என்று ஸ்பேர்ஸ் கடையில் கேளுங்கள். பழைய கிராஸைக் கையோடு கொண்டுபோய், கப்பின் விட்டத்தையும் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரையான நீளத்தையும் வெர்னியரில் ஒப்பிட்டுப் பார்த்த பிறகே காசு கொடுங்கள்.