வயதைக் கேட்டால் வயதை மட்டும் கொடுப்பது எப்படி?

சேலம் அம்மாப்பேட்டையில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். நகல் எடுப்பது, விண்ணப்பம் நிரப்பித் தருவது, ஆதார் அச்சடித்துக் கொடுப்பது என்று ஊராரின் ஆவணங்கள் நாள் முழுவதும் என் கை வழியாகத்தான் போகின்றன. ஏற்காட்டுப் பக்கம் ஒரு காபித் தோட்டக் குடியிருப்பிலிருந்து பிளஸ் ஒன் படிக்கும் பெண் ஒருத்தி தன் அம்மாவுடன் கடைக்கு வந்தாள். "அண்ணா, ஆப்ல வயசுக்கு ஆதாரம் கேட்டாங்க. அப்பாவோட ஆதாரைப் போட்டேன், இன்னும் கணக்கு திறக்கல" என்று கைபேசியை நீட்டினாள். கட்டில் விரிப்பின் மேல் வைத்து எடுத்த படம் அது. அட்டையின் முன்பக்கம், பின்பக்கம், 12 இலக்கங்கள், முகவரி, கியூஆர் கட்டம் எல்லாமே பளிச்சென்று தெரிந்தன.

அந்தச் செயலி அறிய வேண்டியிருந்தது, பயன்படுத்துபவருக்கு 18 வயது ஆகிவிட்டதா இல்லையா என்பது மட்டுமே. அதற்கு விடையாக ஒரு குடும்பத் தலைவரின் முழு அடையாளமும், அவருக்கே தெரியாமல், எங்கோ ஒரு கணினிக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. இதை எழுத வைத்தது அந்தப் படம்தான்.

இனி இப்படிப்பட்ட கேள்விகள் கூடுமே தவிரக் குறையா. பிரிட்டனில் 2025 ஜூலை 25 முதல் ஆபாசத் தளங்கள் உள்ளிட்டவை பயனரின் வயதை உறுதி செய்தே ஆகவேண்டும். ஆஸ்திரேலியாவில் 2025 டிசம்பர் 10 முதல் 16 வயதுக்கு உட்பட்டோர் முக்கியச் சமூக ஊடகங்களில் கணக்கு வைத்திருக்க முடியாது. நம் நாட்டின் 2023ஆம் ஆண்டு தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயது நிரம்பாத எல்லோரையும் குழந்தை என்றே கொள்கிறது. அவர்களின் தரவைக் கையாளப் பெற்றோரின் சரிபார்க்கத்தக்க ஒப்புதல் வேண்டும் என்கிறது. அதன் விதிகள் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டன. நிறுவனங்கள் மீதான பெரும்பாலான கடமைகள் அதிலிருந்து 18 மாதங்கள் கழித்தே நடைமுறைக்கு வருகின்றன. குழந்தைகளைக் காக்க வேண்டும் என்ற நோக்கத்தில் எனக்கு மறுப்பே இல்லை. ஆனால் வயதைச் சரிபார்க்க வாங்கிய படங்கள் எங்கே கிடக்கின்றன என்பதுதான் கவலை. 2025 அக்டோபரில், டிஸ்கார்டு என்ற அரட்டைச் செயலியை நடத்தும் நிறுவனத்துக்கு வாடிக்கையாளர் சேவை செய்துவந்த வெளி நிறுவனம் ஒன்றின் வழியாக நடந்த ஊடுருவலில், ஏறத்தாழ 70,000 பயனர்களின் அரசு அடையாள அட்டைப் படங்கள் வெளியாகியிருக்கலாம் என்று டிஸ்கார்டே அறிவித்தது. வயது தொடர்பான மேல்முறையீட்டுக்காக மக்கள் நம்பிக் கொடுத்த படங்கள் அவை.

எனவே முதலில், கேட்பது யார் என்று பாருங்கள். குறுஞ்செய்தியிலோ வாட்ஸ்அப்பிலோ "வயதை உறுதி செய்யாவிட்டால் கணக்கு முடக்கப்படும்" என்று இணைப்பு வந்தால் அதைத் தொடவே வேண்டாம். செயலியை நீங்களே திறந்து அமைப்புகளுக்குள் போய்ப் பாருங்கள். உண்மையான கோரிக்கை என்றால் அங்கேயும் இருக்கும். வயதைச் சரிபார்க்கிறோம் என்று ஏபிகே கோப்பை (பிளே ஸ்டோருக்கு வெளியிலிருந்து வரும் செயலி) நிறுவச் சொன்னாலோ, டெபிட் கார்டு எண்ணும் ஓடிபியும் கேட்டாலோ, அது மோசடி என்றே கொண்டு வெளியேறிவிடுங்கள். உண்மையான கோரிக்கையாக இருந்தாலும், சோதனையைச் செய்வது அந்தச் செயலியா, அதற்காக அமர்த்தப்பட்ட வேறொரு நிறுவனமா, படத்தை எத்தனை நாள் வைத்திருப்பார்கள் என்பதை அந்தப் பக்கத்திலேயே தேடிப் படியுங்கள். எழுதியிருக்கவில்லை என்றால் கொடுக்காதீர்கள்.

அடுத்து, வயதைச் சரிபார்க்கும் வழிகளைத் தரம் பிரித்துப் பாருங்கள். முகத்தை வைத்து வயதைக் கணிக்கும் முறையில் பெயரும் முகவரியும் போவதில்லை. அந்தக் கணிப்பு உங்கள் கைபேசிக்குள்ளேயே நடந்து, விடை மட்டும் வெளியே போகிறது என்று நிறுவனம் தெளிவாகச் சொன்னால், அட்டையைக் கொடுப்பதைவிட இதையே தேர்ந்தெடுப்பேன். அது ஓரிரு வயது முன்பின் தவறக்கூடியது என்பதால், 18ஐ ஒட்டிய வயதுக்காரர்களிடம் மீண்டும் அட்டை கேட்பார்கள். செல்ஃபியையும் அட்டையையும் சேர்த்துக் கேட்பது வேறு வகை: அங்கே உங்கள் முகமும் பெயரும் ஒன்றாகக் கட்டப்படுகின்றன, நீங்கள் எந்தத் தளத்துக்குப் போனீர்கள் என்ற செய்தியும் அதனோடு ஒட்டிக்கொள்கிறது. அந்தத் தளம் வெளியே சொல்லத் தயங்கும் வகையைச் சேர்ந்ததாக இருந்தால், கசிவு நேரும் நாளில் மிரட்டிப் பணம் கேட்பவனுக்கு அது ஒன்றே போதும்.

அட்டையைக் கொடுத்தே தீரவேண்டும் என்ற நிலை வந்தால் ஆதாரைக் கடைசியில் வையுங்கள். ஆதார் ஆணையம் 2025இல் வெளியிட்ட புதிய செயலியில் எந்த விவரத்தைப் பகிர்வது என்று நாமே தேர்ந்தெடுக்கலாம். கேட்பவர் அதை ஏற்றால் அதுவே நல்ல வழி. இல்லையென்றால் ஆணையத்தின் தளத்தில் மாஸ்க்டு ஆதாரைப் பதிவிறக்குங்கள். அதில் முதல் எட்டு இலக்கங்கள் மறைந்து கடைசி நான்கு மட்டும் தெரியும். ஆனால் பெயர், பிறந்த தேதி, படம், முகவரி எல்லாம் அப்படியே இருக்கும் என்பதைப் பலர் கவனிப்பதில்லை. வயதுக்கு முகவரி எதற்கு? அந்தப் பகுதியை வெட்டிவிட்டுப் பெயர், படம், பிறந்த தேதி உள்ள பக்கத்தை மட்டும் கொடுங்கள். கியூஆர் கட்டத்தையும் கட்டாயம் மறையுங்கள். முகவரியைப் பேனாவால் அடித்துவிட்டுக் கட்டத்தை விட்டுவைத்தால் பயனில்லை, ஏனென்றால் அதை ஸ்கேன் செய்தால் அதே முகவரி வெளியே வரும். படத்தின் குறுக்கே, ஜெராக்ஸில் எழுதுவது போலவே, "வயதுச் சரிபார்ப்புக்கு மட்டும்" என்று தேதியோடு எழுதுங்கள். இவற்றை ஏற்க மறுத்தால் அந்தச் சேவை உங்களுக்குத் தேவைதானா என்று யோசியுங்கள். முகவரி இல்லாத அட்டை என்று பான் கார்டைக் கொடுப்பவர்களும் உண்டு. கடன் வாங்கக் கேட்கும் எண் அது என்பதால் நான் அதைப் பரிந்துரைக்க மாட்டேன்.

பதிவிறக்கிய ஆதார் கோப்பைக் கடவுச்சொல் காக்கிறது என்று நிம்மதியாக இருக்க வேண்டாம். பெயரின் முதல் நான்கு ஆங்கில எழுத்துகளும் பிறந்த ஆண்டும்தான் அந்தக் கடவுச்சொல். இரண்டையும் வயதுச் சரிபார்ப்பில் கொடுத்திருப்போம்.

பிள்ளைகளுக்காகப் பெற்றோர் ஒப்புதல் கேட்கப்பட்டால், அப்பாவோ அம்மாவோ தம் சொந்தக் கணக்கிலிருந்து, தாமே உட்கார்ந்து அதைக் கொடுக்க வேண்டும். வீட்டுக்கு ஒரே கைபேசி என்ற நிலையில் ஆதார் படங்களைக் கேலரியில் விட்டுவைக்காதீர்கள். மலையில் சிக்னல் கிடைக்காமல் ஓடிபி தாமதமாகிறது என்று கடைக்காரரிடம் விவரத்தைக் கொடுத்துவிட்டு, ஊர் போய்ச் சேர்ந்து போனில் ஓடிபி சொல்பவர்களை வாரந்தோறும் பார்க்கிறேன். கடைக்காரர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும் தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள்.

ஏற்கனவே கொடுத்துவிட்டீர்கள் என்றால், படத்தை அழிக்கக் கோரி அந்தச் சேவையின் குறைதீர் அலுவலருக்கு மின்னஞ்சல் அனுப்பி, அதை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். ஆதார் தளத்தில் பயோமெட்ரிக்கைப் பூட்டுங்கள். அங்கீகார வரலாற்றையும் பாருங்கள். ஆனால் ஆதார் வழியாக நடந்த சரிபார்ப்புகள்தான் அதில் தெரியும், படமாகப் போன நகல் தெரியாது. பணம் போனால் தாமதிக்காமல் 1930க்கு அழையுங்கள்.

அந்தப் பெண்ணின் அப்பாவுக்கு இவற்றைத்தான் செய்துகொடுத்தோம். ஓடிபி அவர் எண்ணுக்கு வரும் என்பதால் ஞாயிற்றுக்கிழமை அவரே இறங்கி வந்தார். என் கடையிலோ வேறு எந்தக் கடையிலோ அச்சடித்தால், வாட்ஸ்அப் வெப்பிலிருந்து வெளியேறச் சொல்லுங்கள். டவுன்லோட்ஸ் கோப்புறையிலும் ரீசைக்கிள் பின்னிலும் உங்கள் கோப்பை உங்கள் கண்ணெதிரே அழிக்கச் சொல்லுங்கள். அழித்த பிறகு காசைக் கொடுங்கள்.