அப்பா அம்மா இல்லாத வீட்டைக் கதையில் நடத்துவது எப்படி?

கதை எழுதும் முன் ஒரு கணக்கு நோட்டுப் போடுங்கள். சிறுவர் கதையில் வரும் பிள்ளைகள் தனியாக எத்தனை நாள் தாங்குவார்கள் என்பதை அந்த நோட்டுதான் சொல்லும்.

தமிழ்நாட்டுக் கிராமம், அரசுப் பள்ளி என்று வைத்துக்கொள்வோம். அக்கா ஏழாம் வகுப்பு, தம்பி மூன்றாம் வகுப்பு, கடைக்குட்டிக்கு நாலு வயது, அங்கன்வாடி. வீட்டில் 5 கிலோ அரிசி. மூவருக்கும் ஒரு வேளைக்குக் கால் கிலோ என்றால் 20 தடவை உலை வைக்கலாம். பள்ளி நாளில் மதியம் சத்துணவு உண்டு. இரவுக்கு மட்டும் பொங்கினால் போதும். சனி, ஞாயிறு இரண்டு வேளை. ஒரு திங்கட்கிழமை கதை தொடங்கினால், மூன்றாவது வாரம் செவ்வாய் இரவு பானை காலி. அதே கதையை மே விடுமுறையில் வைத்தால் பத்தே நாள்.

பசி வார விடுமுறையில்தான் வரும் என்பதைப் பலரும் கவனிப்பதில்லை. இன்னொன்று: 2022இல் தொடங்கிய காலை உணவுத் திட்டம் ஐந்தாம் வகுப்பு வரைதான். தம்பிக்கு உப்புமா கிடைக்கும், அக்காவுக்குக் கிடைக்காது. அவன் டப்பாவில் கொஞ்சம் ஒளித்துக் கொண்டுவருகிறானா, மறந்துவிடுகிறானா? ஓர் அத்தியாயம் தானாக எழும்.

பெற்றோரை முதல் பக்கத்திலேயே சாகடிப்பது சுலபம், ஆனால் கதை முழுக்க ஒப்பாரியாகிவிடும். செங்கல் சூளைக்குப் போயிருக்கலாம், ஆஸ்பத்திரியில் துணைக்கு இருக்கலாம். அப்போது செல்போன் குறுக்கே வரும். ரீசார்ஜ் முடிந்து கொஞ்ச நாளானால் உள்ளே வரும் அழைப்பும் நின்றுபோகும் என்பதைப் பயன்படுத்துங்கள். 'சிக்னல் இல்லை' என்றால் எந்தப் பிள்ளையும் நம்பாது.

அடுத்த சிக்கல் அக்கம்பக்கம். அம்மா ஊரில் இல்லை என்பது சாயங்காலத்துக்குள் தெருவுக்கே தெரிந்துவிடும். மறைக்கப் பாடுபடாதீர்கள், தெரிந்தபின் என்ன நடக்கிறது என்று எழுதுங்கள். எதிர்வீட்டு ஆச்சி குழம்பு கொடுப்பார். "ஆளுக்கொரு வீட்டில் வைத்துக்கொள்கிறோம்" என்று சித்தப்பா வந்து நிற்பார். கெட்டவர் யாருமில்லை, ஆனால் மூவரும் பிரியவேண்டி வரும். வில்லனைவிட இந்தப் பயம் வலுவானது.

அக்காவைக் குட்டி அம்மாவாக்கிவிடாதீர்கள். இங்கேதான் நிறைய கதைகள் கவிழ்கின்றன. அவள் சோற்றைக் குழைய விடட்டும், தம்பியை அடித்துவிட்டு அழட்டும், ஒருநாள் கடைசி இருபது ரூபாயில் வளையல் வாங்கட்டும். அதையும் நோட்டில் எழுதுங்கள். வளையலுக்குப் போன காசுக்கு மறுநாள் எண்ணெய் இருக்காது.

படிக்கும் குழந்தைகளில் யாரோ ஒருவர் உண்மையிலேயே இப்படி இருக்கக்கூடும். 1098 என்ற கட்டணமில்லா உதவி எண்ணைப் பள்ளிச் சுவரிலோ டீச்சர் பேச்சிலோ ஒருமுறை வரவிடுங்கள். விளக்கம் வேண்டாம்.

அம்மா திரும்பியதும் கதையை மூடிவிடாதீர்கள். அரிசியை அவர் அள்ளிப் போடும் அளவைப் பார்த்து அக்காவுக்குப் பதறும். வீட்டுச் சாவி இன்னும் அவள் இடுப்பில்தான் இருக்கும்.