குண்டுவீச்சு விமானத்தில் பறந்தவர்கள் என்ன ஆனார்கள்? தேடத் தொடங்குபவர்களுக்கு

இரண்டாம் உலகப்போரில் பிரிட்டனின் பாம்பர் கமாண்டில் (குண்டுவீச்சு விமானங்களுக்கான விமானப்படைப் பிரிவு) பறந்தவர்கள் சுமார் 1,25,000 பேர். அவர்களில் 55,573 பேர் இறந்துபோனார்கள். இவர்களில் ஒரு குழுவின் கதையைத் தேடக் கிளம்புகிறவர்கள் பெரும்பாலும் விமானத்தைப் பிடித்துக்கொண்டே போகிறார்கள். அது பாதி வழியில் காலை வாரிவிடும். பின்தொடர வேண்டியது ஆட்களை.

பழகிப் பார்க்க, ஆவணங்கள் நிறையக் கிடைக்கும் ஒரு லான்காஸ்டர் ரகக் குண்டுவீச்சு விமானத்தை எடுத்துக்கொள்வோம்: 1943 மே 16 இரவு, ஜெர்மனியின் மோனே அணையை உடைக்க, கய் கிப்சன் என்ற விமானி ஓட்டிச் சென்ற விமானம்.

படி 1: சீரியல் எண்ணைப் பிடியுங்கள்

படங்களில் விமானத்தின் பக்கவாட்டில் பெரிதாகத் தெரிவது ஏஜே-ஜி. ஏஜே என்றால் 617ஆம் ஸ்குவாட்ரன் (பல விமானங்கள் கொண்ட படைப்பிரிவு), ஜி என்பது அதில் இந்த விமானம். ஒரு விமானம் அழிந்தால் அதே எழுத்தை அடுத்ததற்குக் கொடுத்துவிடுவார்கள். பஸ்ஸின் ரூட் நம்பர் மாதிரி அது. நமக்கு வேண்டியது வண்டியின் பதிவு எண். வால் பக்கம் சின்னதாக எழுதியிருக்கும் ஈடி 932தான் அது. வேறு எந்த விமானத்துக்கும் அது போகாது.

படி 2: ஸ்குவாட்ரன் பதிவேடு

லண்டன் கியூவில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் ஏஐஆர் 27 என்ற வரிசையில் இந்தப் பதிவேடுகள் இருக்கின்றன. இரண்டு படிவங்கள்: 540 அன்றாட நடப்பின் சுருக்கம், 541 ஒவ்வொரு விமானத்துக்கும் தனித்தனி. உங்களுக்கு 541 போதும். விமான எண், ஆட்களின் பெயர், புறப்பட்ட நேரம், இறங்கிய நேரம், என்ன நடந்தது என்று வரிசையாக இருக்கும். கிப்சன் ஸ்காம்ப்டன் விமானத் தளத்தில் கிளம்பியது இரவு 9.39, திரும்பியது காலை 4.15.

டைப் அடித்த குமாஸ்தாக்களை நம்பிவிடாதீர்கள். ஹட்சிசன் என்ற பெயர் ஹட்சின்சன் ஆகிக் கிடப்பதெல்லாம் சகஜம். அதனால் பெயரோடு சர்வீஸ் எண்ணையும் (படையில் ஒவ்வொருவருக்கும் தரும் தனி எண்) குறித்துக்கொள்ளுங்கள்.

படி 3: ஏழு பேருக்கும் தனித்தனித் தாள்

விமானி கிப்சன் (பிறந்தது நம் சிம்லாவில்), பிளைட் எஞ்சினியர் புல்ஃபோர்ட், நேவிகேட்டர் டேரம், வயர்லெஸ் ஆபரேட்டர் ஹட்சிசன், குண்டு போடும் ஸ்பாஃபோர்ட், முன் கன்னர் (துப்பாக்கி சுடுபவர்) டீரிங், பின் கன்னர் ட்ரெவர்-ரோப்பர். ஒரே தாளில் எழுதினால் அடுத்த படியில் குழம்பிப் போவீர்கள்.

படி 4: கல்லறைத் தேடல்

இங்கேதான் விமானம் நம்மைக் கைவிடுகிறது. ஈடி 932 போரைத் தாண்டி இருந்து, 1947இல் உடைக்கப்பட்டது. அதில் பறந்த ஏழு பேரில் ஒருவர்கூடப் போரின் முடிவைப் பார்க்கவில்லை.

காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் தளத்தில் ஒவ்வொரு பெயராகத் தேடுங்கள். டேரம், ஹட்சிசன், ஸ்பாஃபோர்ட், டீரிங் நால்வருக்கும் ஒரே இறந்த தேதி வரும்: 1943 செப்டம்பர் 16. ஆனால் கிப்சன் இறந்தது 1944இல். அப்படியானால் அன்று விமானத்தை ஓட்டியது யார்? மறுபடி படிவம் 541க்குப் போங்கள். ஜார்ஜ் ஹோல்டன். கிப்சனைப் பறப்பதிலிருந்து எடுத்ததும், அவர் தலைமை வகித்த ஸ்குவாட்ரனோடு அவருடைய ஆட்களும் இவரிடம் வந்தார்கள். ஜெர்மனியின் டார்ட்மண்ட்-எம்ஸ் கால்வாயைத் தாக்கப் போன வழியில், நார்ட்ஹார்ன் அருகே சுடப்பட்டு விழுந்தார்கள்.

நால்வரும் இருப்பது ஜெர்மனியின் ரைக்ஸ்வால்ட் காட்டுக் கல்லறையில். அதை வைத்து அங்கேதான் விழுந்தார்கள் என்று எழுதிவிடாதீர்கள். போருக்குப் பிறகு பல ஊர்களிலிருந்து எடுத்து வந்து அடக்கிய இடம் அது. தேதியிலும் கவனம் வேண்டும்: இரவுத் தாக்குதல் என்றால் கிளம்பியது ஒரு தேதி, இறந்தது மறு தேதி. இரண்டையும் போட்டுத் தேடுங்கள். கல்லறையே இல்லாத விமானப்படையினர் 20,000க்கும் மேல். அவர்கள் பெயர் இங்கிலாந்தின் ரன்னிமீட் நினைவிடத்தில் இருக்கும்.

மற்ற மூவர் தனித்தனியாகப் போனவர்கள். புல்ஃபோர்ட் 1944 பிப்ரவரி 13, வேறொரு குழுவோடு இங்கிலாந்தின் சசெக்ஸில் ஒரு குன்றில் மோதி. ட்ரெவர்-ரோப்பர் அதே ஆண்டு மார்ச் 31, 97ஆம் ஸ்குவாட்ரனில். ஜெர்மனியின் நியூரம்பர்க் நகரைத் தாக்கப் போன விமானங்களில் 95 திரும்பாத இரவு அது. கிப்சன் செப்டம்பர் 19, நெதர்லாந்தின் ஸ்டீன்பெர்கனில், ஒரு மஸ்கிட்டோ ரக விமானத்தில்.

படி 5: சொந்த நாட்டுக் கோப்பு

டேரமும் டீரிங்கும் கனடா விமானப்படை, ஸ்பாஃபோர்ட் ஆஸ்திரேலியா. சர்வீஸ் எண் ஜே என்று தொடங்கினால் கனடா அதிகாரி என்று புரிந்துகொள்ளலாம். போரில் இறந்த கனடாக்காரர்களின் கோப்புகளை அந்நாட்டு நூலக ஆவணக் காப்பகம் திறந்துவிட்டிருக்கிறது. ஆஸ்திரேலியாவுக்கு அதன் தேசிய ஆவணக் காப்பகத்தில் ஏ705 வரிசை. எனக்குக் கேட்டால், தேடலில் சுவையான பகுதி இதுதான். ஸ்குவாட்ரன் பதிவேட்டில் ஒரு வரியாக இருக்கும் ஆள், இங்கே படிப்பு, வேலை, வீட்டு முகவரியோடு வருகிறார்.

சரி, இனி உங்கள் முறை. ஹோல்டன் ஓட்டிய விமானம் ஈஈ 144. அதில் வழக்கத்துக்கு மாறாக எட்டுப் பேர். ஐந்து பேரைச் சொல்லிவிட்டேன். மீதி மூவரையும் கண்டுபிடியுங்கள். ஒரு துப்பு: அவர்களில் பிளைட் எஞ்சினியர், அணைத் தாக்குதலில் வேறொரு லான்காஸ்டரில் பறந்தவர்.