பச்சை உடம்புக்காரிகளுக்குக் கூட்டம் போடும் முன்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன மாதம் மதுரை ஆனையூர்ப் பக்கம் இரண்டு பெண்கள் புதிதாக ஆரம்பித்திருக்கும் ஒரு கூட்டத்துக்குப் போயிருந்தேன். கர்ப்பிணிகளும் கைக்குழந்தைக்காரிகளும் மாதம் இருமுறை ஒன்றாக உட்கார்ந்து பேச ஓர் இடம். நல்ல காரியம். சின்ன ஹால், பாய், தண்ணீர் கேன், சுவரில் தாய்ப்பால் பற்றிய படம் என்று எல்லாம் ஒழுங்காகவே இருந்தது. ஆள்தான் இல்லை. நடத்துகிற பெண்கள் இரண்டு பேர், நான், அப்புறம் பக்கத்து வீட்டிலிருந்து கையைப் பிடித்துக் கூட்டிவந்து உட்கார வைத்த ஒரு கர்ப்பிணி.

"ஏன்க்கா யாருமே வரல?" என்று அதில் சின்னவள் கேட்டபோது எனக்குச் சிரிப்பும் வந்தது, வயிற்றெரிச்சலும் வந்தது. 2014-ல் வில்லாபுரத்தில் இதே கேள்வியை நான் பக்கத்து வீட்டு அக்காவிடம் கேட்டிருக்கிறேன். அப்போதும் பாய், தண்ணீர் கேன், படம் எல்லாம் இருந்தது.

நான் நர்ஸ் இல்லை, டாக்டரும் இல்லை. இரண்டு பிள்ளை பெற்றவள், பத்து வருடத்துக்கு மேல் இந்தக் கூட்டத்தை நடத்துகிறவள், அவ்வளவுதான். கை கழுவச் சோப்பு வையுங்கள், பாத்ரூம் இருக்கிற இடமாகப் பாருங்கள், மாடிப்படி ஏற வைக்காதீர்கள் என்பதெல்லாம் உங்களுக்கே தெரியும். தெரியாததை மட்டும் சொல்கிறேன்.

ஞாயிறு நாலரை மணி

ஆனையூரில் கூட்டம் வைத்த நேரம் ஞாயிறு மாலை 4.30. எல்லோருக்கும் லீவு, வெயில் தாழ்ந்திருக்கும் என்று கணக்கு. நானும் அதே கணக்குத்தான் போட்டேன். ஞாயிறு 4.30 முதல் 6 வரை ராகு காலம். உங்களுக்கு நம்பிக்கை இருக்கிறதோ இல்லையோ, பச்சைப்பிள்ளையைத் தூக்கிக்கொண்டு அந்த நேரத்தில் வாசல்படி தாண்ட எந்த வீட்டு அப்பத்தாவும் விடமாட்டாள். ஞாயிறு காலையும் உதவாது. கறி எடுத்து, சமைத்து, வீட்டு ஆம்பளைகள் சாப்பிட்டு எழுந்திருக்க மணி மூன்றாகிவிடும்.

நான் கடைசியில் போய் நின்றது புதன்கிழமை காலை. நம் ஊரில் புதன்தான் தடுப்பூசி நாள். ஊசி போட்டபின் அரைமணி நேரம் குழந்தையை அங்கேயே வைத்துப் பார்த்துவிட்டுத்தான் அனுப்புவார்கள். அந்த அரைமணி நேரம் வேறு எங்கேயும் போக முடியாமல் பத்துப் பன்னிரண்டு தாய்மார்கள் பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார்கள். அதைவிடப் பெரிய கூட்டத்தை நான் இதுவரை கூட்டியதில்லை. நர்சம்மாவிடம் அனுமதி கேட்டு ஓரமாக உட்கார்ந்துவிட்டேன். பன்னிரண்டு மணிக்குள் எழுந்துவிட வேண்டும். புதனுக்கு ராகு காலம் அப்போதுதான் ஆரம்பம்.

பெயருக்கு மேல் கோடு போடுவது

இதைப் பற்றிப் பேசத்தான் உண்மையில் இதை எழுத உட்கார்ந்தேன்.

என் முதல் நோட்டில் பன்னிரண்டு கர்ப்பிணிகள். பெயர், விலாசம், போன் நம்பர், எத்தனையாம் மாதம், கடைசிக் கட்டத்தில் பிரசவ தேதி. மூன்று மாதம் நன்றாகத்தான் போனது. அப்புறம் ஒவ்வொருத்தியாகக் காணோம். நான் பேசுவது பிடிக்கவில்லையோ, சுண்டலுக்குப் பதில் பிஸ்கட் வைத்திருக்கலாமோ என்றெல்லாம் யோசித்தேன். காரணம் என்னவென்று நம் ஊரில் பிறந்த யாருக்கும் சொல்லித் தரவேண்டியதில்லை. ஏழாம் மாதமோ ஒன்பதாம் மாதமோ வளைகாப்பு முடிந்ததும் அம்மா வீட்டுக்குக் கூட்டிப்போய்விடுவார்கள். தலைப்பிரசவம் என்றால் கேட்கவே வேண்டாம். நானே வில்லாபுரத்திலிருந்து திருமங்கலம் போய்ப் பெற்று வந்தவள்தான். அப்படியும் எனக்கு உறைக்கவில்லை.

உசிலம்பட்டி, மேலூர், பேரையூர் என்று ஆளுக்கொரு ஊருக்குப் போனார்கள். பிள்ளை பிறந்த சேதி வந்ததும் நான் பெயருக்கு நேரே "பிரசவம் முடிந்தது, ஆண்" என்றோ "பெண்" என்றோ எழுதி, பெயருக்கு மேல் சிவப்பு மையில் ஒரு கோடு இழுத்துவிடுவேன். வேலை முடிந்தது என்று அர்த்தம். ஸ்கேல் வைத்து வேறு கோடு போட்டிருக்கிறேன். அந்த நோட்டு இன்னும் வீட்டில் இருக்கிறது. எடுத்துப் பார்த்தால் இன்றைக்கும் எரிச்சல் வரும்.

ஒருநாள் ரேஷன் கடை வரிசையில் ஒரு பெண், தோளில் குழந்தையோடு, "என்னைத் தெரியுதாக்கா?" என்றாள். முகம் தெரிந்தது, பெயர் வரவில்லை. அம்மா வீட்டிலிருந்து திரும்பி ஐந்து வாரம் ஆகிவிட்டதாம். குடியிருப்பது என் வீட்டிலிருந்து இரண்டு தெரு தள்ளி, ஒரு மாடி போர்ஷன். மாமியார் காலமாகிவிட்டார். வீட்டுக்காரருக்கு ராத்திரி வேலை, பகலில் தூங்குவார். அம்மா வீட்டில் இருந்தவரை குளிப்பாட்ட ஒரு ஆயா, தூக்கி வைத்துக்கொள்ள அம்மாச்சி, பால் கொடுத்து முடித்ததும் வாங்கிக்கொள்ள மதினி. பிள்ளை தரையில் கிடந்ததே இல்லை. ஐந்தாம் மாதம் நல்ல நாள் பார்த்து, தொட்டில் சேலையும் வசம்பும் லேகிய டப்பாவுமாகக் கொண்டுவந்து விட்டார்கள். அம்மா மூன்று நாள் இருந்தார். ஊரில் மாடு கன்றை யார் பார்ப்பது என்று கிளம்பிவிட்டார். நாலாம் நாளிலிருந்து இவளும் பிள்ளையும் மட்டும். சாயங்காலம் பிள்ளை அழ ஆரம்பித்தால் ஜன்னலைச் சாத்திவிட்டு இவளும் சேர்ந்து அழுவாளாம். சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். கடைசியில், "நீங்க ஒரு போன் பண்ணுவீங்கன்னு நெனச்சேன்க்கா" என்றாள்.

அவள் நம்பர் என்னிடம்தான் இருந்தது, சிவப்புக் கோட்டுக்குக் கீழே.

பிள்ளை பெற்ற முதல் இரண்டு வாரத்தில் காரணமில்லாமல் அழுகை வருவது பலருக்கும் உண்டு. அது தானாக அடங்கிவிடும். அதைத் தாண்டியும் அழுகை நிற்காமல், பிள்ளை தூங்கினாலும் தனக்குத் தூக்கம் வராமல், எதிலும் பிடிப்பில்லாமல் இருந்தால் அது நோய். வைத்தியம் உண்டு. பிரசவமான முதல் ஒரு வருடத்துக்குள் எப்போது வேண்டுமானாலும் அது தலைகாட்டலாம். "அதான் அஞ்சு மாசம் ஆச்சே, இன்னும் என்ன" என்று யாரும் சொல்லக்கூடாது. இப்போது 14416 என்று ஒரு இலவச எண் இருக்கிறது, இரவு பகல் எந்நேரமும் தமிழிலேயே பேசலாம். அன்றைக்கு அதெல்லாம் இல்லை. நான் அவளை டாக்டரிடம் கூட்டிப்போனேன், தினமும் சாயங்காலம் போய் ஒரு மணிநேரம் பிள்ளையை வாங்கி வைத்துக்கொண்டேன். டாக்டரிடம் போனது எவ்வளவு உதவியதோ, அந்த ஒரு மணி நேரமும் அவ்வளவு உதவியது என்று அவளே பின்னால் சொன்னாள்.

அன்றிலிருந்து என் நோட்டில் பிரசவ தேதிக்கு அப்புறம் இரண்டு கட்டம் கூடுதல். ஒன்று, தாய்வீட்டு ஊர். இன்னொன்று, திரும்பி வரும் மாதம். மூன்றாம் மாதமா, ஐந்தாம் மாதமா என்று அவர்கள் வீட்டுப் பழக்கத்தைக் கிளம்பும் முன்பே கேட்டு எழுதிவிடுவேன். திரும்பிய வாரம் போன் செய்வேன், பிறகு நேரில் போவேன். "கூட்டத்துக்கு வா" என்று அப்போது கூப்பிடுவதில்லை. அவளால் கிளம்பி வரமுடியாது என்பதுதானே பிரச்சினையே.

போகும்போது கையோடு பார்க்க வேண்டிய சில விஷயங்களும் உண்டு. ஒன்றரை, இரண்டரை, மூன்றரை மாத ஊசிகள் அம்மா வீட்டு ஊரில் போட்டிருப்பார்கள். அடுத்த பெரிய ஊசி ஒன்பதாம் மாதம், தட்டம்மை ரூபெல்லாவுக்கு. அது இங்கே. அட்டை உசிலம்பட்டி பீரோவில் பத்திரமாக இருக்கும்! அதை முதலில் வரவழைக்க வேண்டும். பாலூட்டும் தாய்க்கு அங்கன்வாடியில் தரும் சத்துமாவு பிள்ளைக்கு ஆறு மாதம் ஆகும்வரைதான். ஆறு மாதம் முடிந்ததும் பிள்ளையின் பெயரிலேயே மாவு உண்டு. ஊர் மாறியதால் இரண்டு பக்கமும் பெயர் இல்லாமல் போன பிள்ளைகளை நிறையப் பார்த்திருக்கிறேன். கர்ப்பத்தைப் பதிந்தபோது கொடுத்த பிக்மி நம்பர் பிறப்புச் சான்றிதழுக்கே வேண்டும், அதையும் நோட்டில் குறித்து வையுங்கள்.

இதற்கு மறுபக்கமும் இருக்கிறது. நம் தெருப் பெண்கள் திருப்பூரிலும் சென்னையிலும் வாழ்க்கைப்பட்டுப் பிரசவத்துக்கு இங்கே வந்திருப்பார்கள். மூன்று நான்கு மாதம் நம் பக்கத்து வீட்டிலேயே இருப்பார்கள், எந்த நோட்டிலும் பெயர் இருக்காது. அவர்களுக்குத் தனிப் பக்கம் போடுங்கள்.

ஆனையூர்ப் பெண்களின் நோட்டை வாங்கிப் பார்த்தேன். அழகான கையெழுத்து. கடைசிக் கட்டம் பிரசவ தேதி.

அப்பத்தாவை வெளியே உட்கார வைப்பது

"அம்மாக்கள் மட்டும்" என்று சொல்லி மாமியாரையும் அம்மாவையும் வராந்தாவில் உட்கார வைத்தால், உள்ளே நீங்கள் பேசியது எல்லாம் வீட்டுக்குப் போவதற்குள் செல்லாது. ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டும்தான், தண்ணீர்கூட வேண்டாம் என்று நீங்கள் சொல்லி அனுப்புவீர்கள். வெயில் காலத்தில் பிள்ளைக்கு நாக்கு வறளுதே என்று அங்கே சங்கு எடுத்துவிடுவார்கள். முடிவு எடுக்கிறவர் வராந்தாவில் இருக்கிறார்.

உள்ளே கூப்பிட்டு, முதல் பேச்சை அவரிடமே கொடுங்கள். "உங்க காலத்துல எப்படிம்மா பார்த்தீங்க?" என்று கேட்டால் போதும். பத்தில் ஏழு நல்ல விஷயமாகத்தான் சொல்வார். பூண்டு, முருங்கைக்கீரை, பால் சுறாப் புட்டு, எதற்கும் நாம் குறுக்கே நிற்கத் தேவையில்லை. மீதி மூன்றை நர்சம்மா வாயால் சொல்ல வையுங்கள். நாம் சொன்னால் எதிர்ப்பேச்சு, நர்சம்மா சொன்னால் வைத்தியம்.

மைக்

வேண்டாம். பிள்ளைகள் தூங்கும்.

இலவசமாக வரும் டப்பா

கூட்டம் கொஞ்சம் பெயர் வாங்கியதும் டை கட்டிய ஒருவர் வருவார். ஹால் வாடகை நாங்கள் தருகிறோம், தாய்மார்களுக்கு ஒரு பை, பைக்குள் ஒரு சாம்பிள் டப்பா. எனக்கும் வந்தார்கள். கையில் காசில்லாத நேரம், சரி என்று தலையாட்டும் நிலையில்தான் இருந்தேன். தடுத்தது நர்சம்மா. 1992-லேயே இதற்குச் சட்டம் இருக்கிறது, 2003-ல் அதை இன்னும் இறுக்கினார்கள். இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கான பால் மாவு, உணவு, புட்டி இவற்றுக்கு விளம்பரம் செய்யக்கூடாது, இலவச மாதிரி தரக்கூடாது, விற்பனைக்காகக் கர்ப்பிணிகளையும் தாய்மார்களையும் அணுகவே கூடாது. சிறைத் தண்டனை வரை உண்டு. பையை வாங்கிக் கொடுக்கிற கை நம்முடையதாக இருக்கும், யோசித்துக்கொள்ளுங்கள். ஹாலுக்குக் காசில்லையென்றால் கோயில் மண்டபத்தில் உட்காருங்கள்.

இரவு பதினொரு மணி வாட்ஸ்அப்

குரூப் ஆரம்பிப்பது தவறில்லை. அதை ஆஸ்பத்திரி ஆக்குவதுதான் தவறு. எங்கள் குரூப்பில் எட்டு மாதக்காரி ஒருத்தி ஒருநாள் இரவு "தலைவலி தாங்கல, மூஞ்சியெல்லாம் வீங்கியிருக்கு" என்று போட்டாள். பத்து நிமிடத்தில் ஏழு பதில். "எனக்கும் அப்படித்தான் இருந்துச்சு", "பார்லித் தண்ணி குடிங்க மதினி", ஒரு பூ, இரண்டு கும்பிடு. மறுநாள் காலையில் போய்ப் பார்த்தபோது ரத்த அழுத்தம் எக்கச்சக்கம், அன்றே அட்மிட். தாயும் பிள்ளையும் பிழைத்தது அவர்கள் அதிர்ஷ்டம், எங்கள் சாமர்த்தியம் இல்லை.

இப்போது குரூப்பின் மேலே நிரந்தரமாக ஒரு செய்தி நிற்கிறது: கடும் தலைவலி, கண் மங்கல், முகம் கை வீக்கம், ரத்தப்போக்கு, நீர் உடைதல், வலிப்பு, குழந்தை அசைவு குறைதல். இதில் எது இருந்தாலும் இங்கே எழுதாதீர்கள், 108-ஐக் கூப்பிடுங்கள். மற்றபடி தொட்டில் கம்பு எங்கே கிடைக்கும், பழைய ஸ்வெட்டர் யாருக்கு வேண்டும் என்று எவ்வளவு வேண்டுமானாலும் பேசட்டும்.

போட்டோ

பிள்ளைகள் முகத்தை எடுத்து ஸ்டேட்டஸில் வைக்காதீர்கள். கண் பட்டுவிட்டது என்று ஒரு வீடு வராமல் நின்றால் அந்தத் தெருவே நிற்கும்.

அப்பாக்கள்

கூட்டத்துக்கு வா என்றால் வரமாட்டார்கள், வந்தாலும் பைக்கை விட்டு இறங்கமாட்டார்கள். நான்கு வருடம் முயன்று பார்த்துவிட்டு விட்டுவிட்டேன். வேலை கொடுத்தால் வருகிறார்கள். முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவித்திட்டத்தில் மொத்தம் 18,000 ரூபாய்க்கு உதவி. அதில் 14,000 பணமாக, மீதி இரண்டு ஊட்டச்சத்துப் பெட்டகமாக. பன்னிரண்டு வாரத்துக்குள் பதிந்திருக்க வேண்டும், மனைவி பெயரில் வங்கிக் கணக்கு வேண்டும், ஆதாரில் இருக்கிற பெயரும் பாஸ்புக்கில் இருக்கிற பெயரும் ஒத்துப்போக வேண்டும். இந்த அலைச்சலை அவர்களிடம் கொடுங்கள். ஒருத்தர் முடித்துவிட்டு அடுத்தவருக்குச் சொல்லித் தருவதற்காக நிற்பார். அப்படி நிற்கும்போது பிள்ளையைக் கையில் கொடுத்துவிடுவேன். எங்கள் "அப்பாக்கள் கூட்டம்" ஒரு வேப்பமரத்தடியில் அப்படித்தான் நடக்கிறது.

சித்திரை

அழகர் ஆற்றில் இறங்குகிற வாரத்தில் கூட்டம் வைக்காதீர்கள். ஒருமுறை வைத்தேன். இரண்டு பேர் வந்தார்கள், நீர்மோர்ப் பந்தல் என்று நினைத்து.