கோட்டை எல்லையிலிருந்து நூறு, ஓதக்கோட்டிலிருந்து ஐந்நூறு

காரைக்குடியில் வீட்டு வரைபடம் போட்டுக் கொடுப்பது என் தொழில். வருகிறவர்களில் பாதிப் பேர் கைப்பேசியை நீட்டி, "மேப்பில்தான் தெளிவாக இருக்கிறதே அம்மா" என்கிறார்கள். தெளிவாகத்தான் இருக்கிறது. ஆனால் இங்கே கட்டலாம், அங்கே கூடாது என்று சொல்லும் கோடு யாருடையது? அரசு வரைபடம் என்று ஒரே ஒரு வரைபடம் கிடையாது. நில எல்லை வருவாய்த் துறையினுடையது. மேடு, பள்ளம், சாலை, ஊருணி எல்லாம் இந்திய நில அளவைத் துறை வரைந்தவை. நினைவுச்சின்னத்தின் எல்லை தொல்லியல் துறையினுடையது. கடல் எங்கே முடிகிறது என்று சொல்லும் எல்லைக்கோட்டை வரைவது சென்னையில் இருக்கும் தேசிய நிலைத்த கடலோர மேலாண்மை மையம். இஸ்ரோவின் புவன் என்ற இணைய வரைபடத் தளத்தில் இவற்றில் பலவற்றை ஒன்றின் மேல் ஒன்றாகப் பார்க்கலாம். பார்க்க வசதிதான், அதை அச்செடுத்து மனுவோடு இணைத்தால் எந்த மேசையும் ஏற்காது.

முதல் வேலை சர்வே எண். தெருப் பெயரும் வீட்டு விலாசமும் இங்கே எதற்கும் உதவாது. மாநில அரசின் நிலப்பதிவுத் தளத்தில் மாவட்டம், வட்டம், கிராமம், சர்வே எண், உட்பிரிவு கொடுத்துப் புலப்படத்தை, அதாவது அந்த நிலத்தின் அளவு வரைபடத்தை எடுங்கள். நகராட்சிக்குள் என்றால் வார்டு, பிளாக், நகர சர்வே எண். நம் ஊர் வீடுகளில் ஒரு சங்கடம் உண்டு: முகப்பு ஒரு தெருவில், பின்கட்டு அடுத்த தெருவில். ஒரே வீடு இரண்டு எண்களில் விழலாம். இரண்டு புலப்படங்களையும் எடுத்துப் பக்கத்தில் பக்கம் வைத்துப் பாருங்கள். அதில் வீட்டின் உருவம் இருக்காது, எல்லைக் கற்களும் அவற்றுக்கு இடையிலான மீட்டர் அளவுகளும்தான் இருக்கும். அதுவே போதும்.

அடுத்தது நினைவுச்சின்னம். திருமயத்தை எடுத்துக்கொள்வோம். 1687-இல் ராமநாதபுரம் மன்னர் சேதுபதி கட்டிய கோட்டை, மத்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருப்பது. 2010-இல் திருத்தப்பட்ட சட்டப்படி பாதுகாக்கப்பட்ட எல்லையிலிருந்து 100 மீட்டர் தடைசெய்யப்பட்ட பகுதி. அதற்கு அப்பால் இன்னும் 200 மீட்டர் ஒழுங்குபடுத்தப்பட்ட பகுதி. அங்கே அனுமதி வாங்கிக் கட்டலாம். எங்கிருந்து அளப்பது என்பதில்தான் சண்டையே வருகிறது. மலை உச்சியிலிருந்து அல்ல, கோட்டை வாசலிலிருந்தும் அல்ல. பாதுகாக்கப்பட்ட நிலத்தின் விளிம்பிலிருந்து. திருமயத்தில் வெளிமதிலின் எச்சங்கள் ஊருக்குள்ளேயே நிற்கின்றன. ஆகவே, "கோட்டை தூரத்தில் இருக்கிறது" என்று கண்ணால் பார்த்து முடிவு கட்டாதீர்கள். எந்தச் சர்வே எண்கள் அறிவிக்கையில் உள்ளன என்று தொல்லியல் துறை அலுவலகத்தில் எழுதிக் கேளுங்கள். பதில் எழுத்தில் வரட்டும். 1992 ஜூன் 16-க்கு முன்பே கட்டிய வீடு தடைப் பகுதிக்குள் இருந்தால், பழுதுபார்க்க அனுமதி கேட்க வழியுண்டு. புதிதாக எழுப்பத்தான் வழியில்லை.

இங்கே ஒரு கண்ணி இருக்கிறது. நில அளவைத் துறையின் பழைய தாள்களின் ஸ்கேன் பிரதிகள் பலர் கையில் சுற்றுகின்றன. காரைக்குடியும் கானாடுகாத்தானும் 58 ஜே/16 என்ற எண்ணுள்ள தாளில் வரும். தேவகோட்டை கீழே 58 கே/13-க்குப் போய்விடும். திருமயமோ தாளின் மூலையை ஒட்டி இருப்பதால் பக்கத்துத் தாள்களையும் தேட வைக்கும். அந்தத் தாள்கள் எவரெஸ்ட் என்ற பழைய புவி அளவீட்டு அடிப்படையில் வரைந்தவை. கைப்பேசியின் ஜி.பி.எஸ். காட்டுவது டபிள்யூ.ஜி.எஸ். 84 என்ற வேறொரு அடிப்படையில். மாற்றிக் கணக்கிடாமல் ஒன்றின் மேல் ஒன்றை வைத்தால் நம் பகுதியில் இடம் நூறு மீட்டருக்கு மேல் நகர்ந்துவிடும். தடைசெய்யப்பட்ட பகுதியின் முழு அகலமே நூறு மீட்டர்தான்! துறையின் தளத்தில் பதிவு செய்துகொண்டால் 1:50,000 அளவிலுள்ள திறந்த வரிசை (ஓப்பன் சீரிஸ்) தாள்கள் இலவசமாகவே கிடைக்கின்றன, அவை டபிள்யூ.ஜி.எஸ். 84-இல் உள்ளவை. அவற்றை வைத்து வேலை செய்யுங்கள், பழைய தாளை ஊருணியும் வரத்துக்காலும் முன்பு எங்கே இருந்தன என்று பார்க்க வைத்துக்கொள்ளுங்கள். அதற்கு அதைவிட நல்ல சாட்சி கிடையாது.

கானாடுகாத்தானிலிருந்து வந்த ஓர் ஆச்சி, "எங்கள் வீடு யுனெஸ்கோவில் இருக்கிறதாமே, ஓடு மாற்றினால் கேஸ் போடுவார்களா?" என்று கேட்டார். "ஆச்சி, 2014-இல் செட்டிநாட்டு ஊர்களைச் சேர்த்தது உத்தேசப் பட்டியலில்தான், உலகப் பாரம்பரியப் பட்டியலில் அல்ல. அந்தப் பட்டியல் உங்கள் வீட்டைச் சுற்றி எந்த எல்லைக்கோடும் போடவில்லை. பங்காளிகள் சம்மதிக்கிறார்களா என்று பாருங்கள், அதுதான் பெரிய அனுமதி" என்றேன். பாரம்பரிய வீடு என்று ஊரே சொல்லும். வரைபடத்தில் வெறும் நத்தம் என்றிருக்கும். இடிக்க வருகிறவர்களுக்கு அந்த மௌனம் வசதியாகப் போய்விடுகிறது.

கடலோரத் தொண்டிப் பக்கம் நிலம் வாங்குகிறவர்களுக்கு வேறு கணக்கு. உயர் ஓதத்தில், அதாவது கடல் பொங்கி ஏறும் வேளையில், தண்ணீர் ஏறி நிற்கும் கோட்டிலிருந்து நிலப்பக்கம் 500 மீட்டர் வரை கடலோர ஒழுங்குமுறை மண்டலம். கழிமுகத்துக்கும் ஓதம் ஏறும் ஓடைக்கும் கரையோரத்தில் தனி அளவு உண்டு. கடலே கண்ணில் படாத மனையும் இதில் மாட்டும். இந்த மண்டல வரைபடத்தின் தலைப்பைப் படியுங்கள்: 2011 அறிவிக்கைப்படி வரைந்ததா, 2019 படியா? 2011-இல் கிராமப்புறக் கரையில் 200 மீட்டர் வரை கட்டக்கூடாது. 2019-இல், சதுர கிலோமீட்டருக்கு 2,161 பேருக்கு மேல் வாழும் ஊர்ப்புறத்துக்கு அது 50 மீட்டராகக் குறைந்தது. மற்ற ஊர்ப்புறத்துக்கு 200-தான். 2019 படியான மேலாண்மைத் திட்ட வரைபடம் ஒப்புதல் பெறும்வரை பழையதே செல்லும். தரகர்கள் 50-ஐ மட்டும் சொல்வார்கள்.

வரைபடத்தின் அளவுவிகிதத்தையும் பாருங்கள். 1:25,000 தாளில் அரை மில்லிமீட்டர் தடிப்புள்ள கோடு தரையில் பன்னிரண்டரை மீட்டர். ஒரு வீடே கோட்டுக்குள் ஒளிந்துகொள்ளும். 1:4,000 அளவில் சர்வே எண்களோடு வரைந்த உள்ளூர்த் தாளில் அதே கோடு இரண்டு மீட்டர்தான். அதைக் கேட்டு வாங்குங்கள்.

பவளப்பாறை, கடற்புல், அலையாத்தி ஆகியவற்றோடு தொல்லியல் இடங்களும் இந்த மண்டலத்தின் மிகக் கடுமையான முதல் வகைக்குள் வருகின்றன. மல்லிப்பட்டினம் அருகே கடலோரம் நிற்கும் மனோரா கோபுரத்தைப் பார்த்தவர்களுக்கு இது புரியும். கடலுக்குள் 2022-இல் அறிவித்த கடற்பசுப் பாதுகாப்பகம் 448.34 சதுர கிலோமீட்டர். தஞ்சாவூர், புதுக்கோட்டை மாவட்டக் கடலோடு அது நின்றுவிடுகிறது. தொண்டி ராமநாதபுரம் மாவட்டம், அதனால் அதில் வராது.

கடைசியாக, வரைபடங்களைப் பயன்படுத்தும் உரிமை. அரசின் திறந்த தரவுத் தளத்தில் 2017-இன் திறந்த தரவு உரிமத்தோடு வருபவற்றை விற்கும் வரைபடத்தில்கூடப் பயன்படுத்தலாம். யாருடையது என்று குறிப்பிட்டால் போதும். நில அளவைத் துறைத் தாளுக்கும் புவன் படத்துக்கும் தனி நிபந்தனைகள் உண்டு, பதிவிறக்கும்போதே படித்துவிடுங்கள். நான் போடும் ஒவ்வொரு வரைபடத்தின் வலது கீழ்மூலையிலும் ஒவ்வொரு கோடும் எந்தத் துறையினுடையது, எந்த ஆண்டுத் தாள், எந்த அளவு என்று எழுதிவிடுகிறேன். அரைப் பக்கம் அதற்கே போகிறது என்று சலித்துக்கொள்ளும் வாடிக்கையாளர்களுக்குக் கட்டணத்தில் தள்ளுபடி கிடையாது.