குளியலறைக்குச் சூடு: தரையில் பதிப்பதா, சுவரில் மாட்டுவதா?

மே மாதம் 40 டிகிரியைத் தாண்டும் வேலூரில் பாத்ரூமுக்கு ஹீட்டரா என்று சிரிப்பவர்கள், மார்கழி விடியற்காலையில் வயதான அம்மாவைக் குளிப்பாட்டிப் பார்க்க வேண்டும். சுமார் 1,100 மீட்டர் உயரத்தில் ஏலகிரியில் வீடு கட்டுகிறவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். கீசர் தண்ணீரைத்தான் சுட வைக்கும், அறையை அல்ல.

1. முதலில் தரையைப் பாருங்கள்

டைல்ஸ் ஒட்டியாகிவிட்டதா? அப்படியென்றால் பேச்சே இல்லை, சுவர் ஹீட்டர்தான். தரை ஹீட்டர் என்பது டைல்ஸுக்கு அடியில் பதிக்கும் மின்கம்பி வலை. அதற்காக நல்ல தரையை உடைத்தால் வாட்டர்ப்ரூஃபிங்கும் சேர்ந்து போய்விடும்.

2. யார், எவ்வளவு நேரம் குளிக்கிறார்கள்?

கரண்ட் பில்லை வைத்து முடிவு செய்ய நினைப்பீர்கள். கணக்குப் போட்டால் பெரிய வித்தியாசம் வராது. சதுர மீட்டருக்கு 150 வாட் வலையை 2 சதுர மீட்டருக்குப் போட்டால் 300 வாட். தினமும் ஒன்றரை மணி நேரம் ஓடினால் 0.45 யூனிட். 1000 வாட் சுவர் ஹீட்டர் இருபது நிமிடத்துக்கு 0.33 யூனிட்.

விஷயம் நேரத்தில் இருக்கிறது. தரை சூடேற அரை மணிக்கு மேல் ஆகும். சுவரில் மாட்டும் குவார்ட்ஸ் குழாய் ஹீட்டர் ஸ்விட்ச் போட்ட ஒரு நிமிடத்துக்குள் உடம்பில் சூடு படும். ஒருவர், இருவர் குளிக்கும் வீட்டுக்குச் சுவரே போதும். ஐந்து மணியிலிருந்து ஏழு வரை வரிசையாகக் குளிக்கிற வீடு, அதிலும் பெரியவர்கள் இருக்கிற வீடு என்றால் தரைக்கு ஒரு நியாயம் உண்டு. பக்கெட், மக் வைத்துக் குளிக்கிற நம் பாத்ரூமில் தரை முழுக்க ஈரம். அடியில் சூடு இருந்தால் அது சீக்கிரம் காயும், வழுக்குவதும் குறையும்.

3. சுவர் ஹீட்டர் என்றால்

ஃபேன் வைத்து வெப்பக்காற்று ஊதுகிற வகையை நான் சொல்லமாட்டேன். நம் பாத்ரூம் வென்டிலேட்டரில் கண்ணாடிப் பட்டைகள் எப்போதும் திறந்தே இருக்கும். சூடான காற்று அந்த வழியாகவே போய்விடும். கதிர்வீச்சாகச் சூடு தரும் குவார்ட்ஸ் வகைக்கு அந்தக் கவலை குறைவு. பெட்டியில் ஐபிஎக்ஸ்4 (தண்ணீர் தெறித்தாலும் தாங்கும் என்பதற்கான குறி) அல்லது அதற்கு மேல் என்று இருக்க வேண்டும். ஷவருக்கு எட்டத்தில், தயாரிப்பாளர் சொல்லும் உயரத்தில் மாட்டி, ஸ்விட்சைக் கதவுக்கு வெளியே வையுங்கள். ஹாலில் இருக்கும் ரூம் ஹீட்டரைத் தூக்கிவந்து பாத்ரூமில் வைப்பது மட்டும் வேண்டவே வேண்டாம்.

4. தரை ஹீட்டர் என்றால்

இங்கே வரிசை முக்கியம். கான்கிரீட்டின் மேல் வெப்பம் தடுக்கும் பலகை போடாவிட்டால் நிறையச் சூடு கீழே இறங்கிவிடும். தண்ணீர் ஓடும் வாட்டத்தைக் கொத்தனார் முதலிலேயே சரிபார்க்கட்டும், பிறகு திருத்த முடியாது. கமோடுக்கு அடியில் வலை வரக்கூடாது. வலையைத் திருப்ப வேண்டிய இடத்தில் கம்பியைத் தாங்கும் துணிவலையை மட்டும் வெட்டலாம், கம்பியை ஒருபோதும் வெட்டக்கூடாது. வெப்பம் அளக்கும் சென்சாரைச் சிறு குழாய்க்குள் விட்டால், கெட்டுப்போனாலும் உருவி மாற்றலாம்.

அப்புறம் மல்டிமீட்டர். வலையோடு வரும் சீட்டில் கம்பியின் மின்தடை எத்தனை ஓம் என்று அச்சிட்டிருப்பார்கள். விரிப்பதற்கு முன், விரித்த பின், டைல்ஸ் ஒட்டிய பின் என்று மூன்று முறை அளந்து அதே சீட்டில் எழுதச் சொல்லுங்கள். எண் தாறுமாறாக மாறினால் கொத்தனாரின் கரண்டி எங்கோ கம்பியைக் கீறியிருக்கிறது என்று அர்த்தம். டைல்ஸ் மூடும் முன்பே தெரிந்தால் பிழைத்தீர்கள்.

5. இரண்டுக்கும் பொது

தனி வயர், நல்ல எர்த், கரண்ட் கசிந்தால் உடனே இணைப்பைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி. இதில் பேரம் பேசாதீர்கள். தரை ஹீட்டர் போட்டவர்கள், ஒட்டும் பசை முழுதாகக் காயும்வரை, பாக்கெட்டில் போட்டிருக்கும் நாள் கணக்குப்படி, ஸ்விட்சைத் தொடாமல் இருங்கள்.