மாடியில் சோலார்: செலவுக் கணக்கை எங்கே தொடங்குவது?

தமிழ்நாட்டில் வீட்டுக்குச் சோலார் அமைக்க நினைப்பவர்கள் பெரும்பாலும் "மூன்று கிலோவாட் என்ன விலை?" என்றுதான் முதலில் கேட்கிறார்கள். அந்தக் கேள்வியைச் சற்றுத் தள்ளி வைத்துவிட்டு, கடந்த ஓராண்டின் ஆறு மின்கட்டணப் பட்டியல்களை எடுத்துக்கொள்ளுங்கள்.

முதல் படி: அவற்றில் ரூபாயைப் பார்க்காமல் யூனிட்டைக் குறித்துக்கொள்ளுங்கள். நிழல் விழாத மாடியில் ஒரு கிலோவாட் பேனல், வெயில் நாளும் மழை நாளும் சேர்த்துச் சராசரியாக நாளொன்றுக்கு 4 யூனிட், அதாவது இரண்டு மாதத்திற்குச் சுமார் 240 யூனிட் தரும். மாலை மூன்று மணிக்கு மாடி ஏறி, தண்ணீர்த் தொட்டியின் நிழல் எதுவரை நீள்கிறது என்பதையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

இரண்டாம் படி: எத்தனை கிலோவாட் என்று முடிவு செய்வது. இரண்டு மாதத்திற்கு 700 யூனிட் செலவாகும் வீட்டில், முதல் கிலோவாட் அதை 460 ஆகக் குறைக்கும். 500ஐத் தாண்டியவர்களுக்கான விலை கூடிய அடுக்கிலிருந்து வீடு அத்துடன் இறங்கிவிடும். இரண்டாவது கிலோவாட் 220 ஆக்கும். மூன்றாவது கிலோவாட்டோ கட்டணம் குறைந்த அந்த மிச்சத்தைத்தான் ஈடுகட்டும், அதிலும் 100 யூனிட் எப்படியும் இலவசம். இலவசமாகக் கிடைப்பதைத் தயாரிக்கப் பணம் போடுவானேன்? இந்த வீட்டுக்கு 2 கிலோவாட் போதும் என்பதே என் கருத்து.

மூன்றாம் படி: மானியம். 2024 பிப்ரவரியில் தொடங்கிய பிரதமரின் சூரிய வீடு திட்டத்தில் முதல் இரண்டு கிலோவாட்டுக்குத் தலா 30,000 ரூபாயும், மூன்றாவதற்கு 18,000 ரூபாயும் கிடைக்கும். 78,000 ரூபாய்க்கு மேல் இல்லை. பேனல்கள் இந்தியாவில் தயாரான செல்களைக் கொண்டவையாக இருக்க வேண்டும். பொருத்தி, ஆய்வு முடிந்த பிறகே மானியம் வங்கிக் கணக்குக்கு வரும் என்பதால், தொடக்கத்தில் முழுத் தொகையும் கையில் இருக்க வேண்டும், அல்லது கடன் ஏற்பாடு செய்துகொள்ள வேண்டும். விலைப்பட்டியல் வாங்கும்போது இரும்புத் தாங்கியின் உயரம், எர்த்திங், இடிதாங்கி, நெட் மீட்டர் (மின்வாரியத்திலிருந்து எடுத்ததிலிருந்து அதற்குக் கொடுத்ததைக் கழித்துக் காட்டும் மீட்டர்) கட்டணம் ஆகியவை அடக்கமா என்று எழுத்தில் கேளுங்கள்; ஆள் நடமாடும் உயரத்திற்குத் தாங்கியைத் தூக்கினாலே செலவு கணிசமாகக் கூடிவிடும்.

பேட்டரியின் கணக்கு தனி. பேட்டரி இல்லாமல் மின்வாரியக் கம்பியோடு இணைந்து இயங்கும் சாதாரண ஆன்கிரிட் அமைப்பு, கம்பத்தில் வேலை செய்பவரின் பாதுகாப்புக்காக, மின்தடையின்போது நண்பகல் வெயிலிலும் நின்றுவிடும். அந்த நேரத்துக்குத்தான் பேட்டரி தேவை. அதற்கு இந்த மானியம் கிடையாது. இரண்டு மின்விசிறி, நான்கு எல்இடி விளக்கு, ஒரு வைஃபை கருவி என்றால் சுமார் 200 வாட். 12 வோல்ட், 150 ஏஎச் (ஆம்பியர்-மணி) டியூபுலர் வகை ஈய-அமில பேட்டரியில் 1,800 வாட்மணி இருந்தாலும், அதன் ஆயுள் கருதிப் பாதியளவே பயன்படுத்துவது நல்லது; இன்வெர்ட்டரின் இழப்பும் போக, மூன்றரை மணி நேரத்திற்குத் தாங்கும். லித்தியம் பேட்டரியில் எண்பது சதவீதத்திற்கு மேல் எடுக்கலாம், தண்ணீர் ஊற்றும் வேலையும் இல்லை, ஆனால் விலை அதிகம். எப்போதாவது ஒரு மணி நேரம் மின்சாரம் போகிற ஊரில், வீட்டில் ஏற்கெனவே இருக்கும் இன்வெர்ட்டரை அப்படியே வைத்துக்கொண்டு, சோலாரை ஆன்கிரிட்டாக மட்டும் அமைப்பதே சிக்கனம்.